இருபத்துமூன்று குரங்குகளும் ஒரு தேவாங்கும்

அமுதவல்லி கொட்டாவி விட்டாள். எதிரே பாறைமேல் உட்கார்ந்திருந்த பெரிய குரங்கும் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓடி ஓடி இரண்டு பேருக்குமே அலுத்துவிட்டது.

"நீயாவது போய்த் தூங்கேன்" என்றாள் அமுதவல்லி.

குரங்கு போகவில்லை. கடலைக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

காரிமங்கலத்திலிருந்து மூன்றாவது ஸ்டாப்பில் இறங்கி மலையைப் பார்த்து நடந்தால் அவர்கள் காடு வந்துவிடும். காடு என்றதும் புலி, யானை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் மழையை நம்பி விதைக்கிற நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். குரங்குகளும் அந்தப் பெயரைக் கேட்டு ஏமாந்துவிட்டன போலிருக்கிறது. நம்ம காடுதானே என்று உரிமையோடு இறங்கி வந்து, செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, கடலைக்காயை உரித்துத் தின்றன.

அமுதவல்லி ஆறாம் வகுப்பு. காலாண்டுத் தேர்வு விடுமுறை முழுவதும் அவளுக்குக் காவல் வேலைதான். கையில் ஒரு குச்சி, ஒரு தகர டப்பா. குரங்கு இறங்கினால் டப்பாவைத் தட்டிக்கொண்டே ஓட வேண்டும். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். அம்மா நிர்மலாதேவி விடிவதற்குள் சாமந்திப்பூ பறிக்கப் போனால் மதியம்தான் வருவார்.

காவலுக்கு உதவியாக அவளுடைய தம்பி குருவும் இருந்தான். மூன்றாம் வகுப்பு. அவன் டப்பாவை நான்கு தடவை தட்டுவான். ஐந்தாவது தடவை தட்டும்போது வேப்பமரத்தின் மேல் இருப்பான்.

"எறங்குடா கொரங்கு" என்று கத்துவாள் அமுதவல்லி.

"மாட்டேன் போடி தேவாங்கு" என்பான் குரு.

அந்த வீட்டில் இந்த இரண்டு பட்டப்பேர்களும் வெகு நாளாகப் புழக்கத்தில் இருந்தன. அமுதவல்லிக்கு மெலிந்த முகம். அதில் பெரிய பெரிய கண்கள். அதனால் அவள் தேவாங்கு. குருவுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மதியம் அம்மா வந்தார். விரலெல்லாம் பூக்காம்பின் பச்சைக்கறை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"பாப்பா, திங்கக்கெழம ஸ்கூல் தொறக்கறாங்க இல்ல?"

"ஆமாம்மா. அன்னிக்குத்தான் சார்ட்டு காட்டணும்."

அம்மா விரல் கறையை முந்தானையில் துடைத்தார். பிறகு சொன்னார். "கடல புடுங்க இன்னும் பத்து நாளு ஆவும். அதுவரைக்கும் நீ லீவு போட்டுடு கண்ணு. நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். வேற வழி தெரியல."

அம்மா கோபமாகச் சொல்லியிருந்தால் அமுதவல்லி சண்டை போட்டிருப்பாள். அம்மாவின் குரலில் களைப்பு மட்டும்தான் இருந்தது. களைப்போடு எப்படிச் சண்டை போடுவது? அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அப்போது பக்கத்துக் காட்டு மாது மாமா வந்தார். முட்டிவலிக்காரர். இரண்டு அடி நடப்பார், ஒரு தடவை "அப்பாடா" என்பார். கையில் ஒரு தாள் வைத்திருந்தார்.

"ஒரு மனு எழுதியிருக்குறோம் நிர்மலா. கூண்டு வெச்சுக் கொரங்கப் புடிச்சு, எங்கியாவது தூரமா மலையில கொண்டு போய் வுடச் சொல்லி. எல்லாரும் கையெழுத்துப் போட்டா ஃபாரஸ்ட் ஆபீசுல குடுத்துருவோம். உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"சனிக்கெழம போட்டுடறேன் மாமா. இப்பக் கை வெரலே மடங்கல."

அமுதவல்லிக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். குரங்கு போய்விட்டால் காவல் எதற்கு? காவல் இல்லாவிட்டால் லீவு எதற்கு?

பாறைமேல் இருந்த குரங்கைப் பார்த்து அவள் நாக்கைத் துருத்தினாள். "போய்ட்டு வா ராசா."

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேப்பமரத்தடியில் சார்ட்டை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தாள்.

இந்தச் சார்ட்டுக்கு ஒரு கதை உண்டு. ராஜமேரி டீச்சர் காட்டு விலங்குகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி, சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். ஒவ்வொருவரும் இரண்டு சீட்டு எடுக்க வேண்டும். அந்த இரண்டு விலங்குகளையும் ஒப்பிட்டு, எது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத வேண்டும். அமுதவல்லி எடுத்த முதல் சீட்டில் 'தேவாங்கு' என்றிருந்தது. வகுப்பே சிரித்தது. இரண்டாவது சீட்டில் 'நாட்டுக்குரங்கு' என்றிருந்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். வீட்டுப் பேர்களைக் குரு ஏற்கெனவே பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பியிருந்தான்.

டீச்சர் கொடுத்த ஜெராக்ஸ் தாளைப் பார்த்து அமுதவல்லி எழுதத் தொடங்கினாள்.

தேவாங்கு இரவில் விழித்திருக்கும். பகலில் தூங்கும். பூச்சி தின்னும். மெதுவாக நகரும். நாட்டுக்குரங்கு பகலில் விழித்திருக்கும். கூட்டமாக வாழும். பழம், இலை, பூச்சி என்று எது கிடைத்தாலும் தின்னும்.

'எங்கள் கடலைக்காயையும்' என்று சேர்த்து எழுதினாள்.

நீங்களே கண்ணால் பார்த்ததையும் எழுத வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். தேவாங்குக்கு என்ன எழுதுவது? அவள் பார்த்ததே இல்லை.

"கண்ணாடியில பாத்தேன்னு எழுது" என்றான் குரு, மரத்தின் மேலிருந்து.

அவள் கல்லை எடுத்தாள். அவன் இன்னொரு கிளைக்குத் தாவினான்.

தாளின் கடைசியில் ஒரு படிக்கட்டுப் படம் இருந்தது. உலகத்தில் உள்ள விலங்குகளையெல்லாம் ஆராய்கிறவர்கள் சிவப்புப் பட்டியல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் ஏழு படிகள். முதல் படியில் நிற்கும் விலங்குகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மேலே போகப் போக ஆபத்து. ஏழாவது படிக்குப் போன விலங்கு உலகத்தில் எங்குமே இல்லை என்று அர்த்தம்.

தேவாங்கு ஐந்தாவது படியில் இருக்கும், குரங்கு முதல் படியில் இருக்கும் என்று அவளே நினைத்துக்கொண்டாள். பிறகு தாளைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

தேவாங்கு இரண்டாவது படி. ஆபத்தை நெருங்குகிறது.

நாட்டுக்குரங்கு மூன்றாவது படி. அழிந்துபோகும் வாய்ப்பு உண்டு.

"குரு, இங்க வாடா. இது தப்பா அச்சடிச்சிருக்குது."

குரு இறங்கி வந்து எழுத்துக்கூட்டிப் படித்தான். அவன் முகம் மலர்ந்தது. "அப்ப உன்னைவிட நான்தான் ஆபத்துல இருக்கறேன். என்னைத்தான் நல்லாப் பாத்துக்கணும்."

அமுதவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. சாலையோர மரங்களை வெட்டிவிட்டதால் குரங்குகளுக்கு இடமில்லை என்று தாள் சொன்னது. பிடித்துக்கொண்டுபோய்த் தெரியாத இடத்தில் விடுவதும் ஒரு காரணம் என்று சொன்னது. நம் பக்கத்திலேயே இருப்பதால் நிறைய இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம் என்றும் சொன்னது.

நிறைய இல்லையா? மாது மாமாவின் மனுவில் 'நூற்றுக்கணக்கான குரங்குகள்' என்றல்லவா எழுதியிருந்தது?

அவள் எழுந்துபோய்ப் பாறையைப் பார்த்து எண்ணினாள். கொட்டாவி விடும் பெரியது ஒன்று. காது கிழிந்தது ஒன்று. வால் பாதி இல்லாதது ஒன்று. வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு நான்கு. ஒன்று ஓடியது, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மூன்று தடவை எண்ணியும் இருபத்துமூன்றுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் காது கிழிந்தது வந்தது. திங்கட்கிழமையும் அதேதான். புதிது புதிதாக யாரும் வரவில்லை. அதே இருபத்துமூன்று பேர்தான் திரும்பத் திரும்ப வந்து, நூற்றுக்கணக்கில் தெரிந்திருக்கிறார்கள்.

கூண்டு வந்தால் அவள் பள்ளிக்குப் போகலாம். கூண்டு வந்தால் அந்த நான்கு குட்டிகளும் எங்கோ போய்விடும். இரண்டையும் ஒரே மனதுக்குள் வைத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

"நான் ஸ்கூலுக்குப் போவணும்" என்று வாய்விட்டுச் சொன்னாள். கேட்பதற்கு அங்கே குரங்குகள்தான் இருந்தன.

சார்ட்டுக்காக அவள் நோட்டில் இன்னொரு கணக்கும் வைத்திருந்தாள். ஒரு தடவை குரங்கு விரட்டினால் ஒரு கோடு. இப்போது கோடுகளை எண்ணினாள்.

ஞாயிறு பதினான்கு. திங்கள் பன்னிரண்டு. செவ்வாய் ஒன்பது. புதன் ஆறு. வியாழன் ஐந்து. வெள்ளி, அதாவது இன்று, இதுவரை மூன்று.

ஏன் இப்படி இறங்கிக்கொண்டே வருகிறது? ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் அத்தனை? அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது?

முந்தின நாள் புரட்டாசிச் சனிக்கிழமை.

அவர்கள் காட்டோரப் பாறையில் ஆஞ்சநேயர் உருவம் செதுக்கியிருக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஊரில் பாதிப் பேர் அங்கே வந்து வாழைப்பழமும் தேங்காயும் வைத்துவிட்டுப் போவார்கள். வந்து தின்னுகிற குரங்கை ஆஞ்சநேயர் என்று கும்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அதே குரங்கைத் திருட்டுக் கழுதை என்று கல்லால் அடிப்பார்கள். பாவம், குரங்குக்குக் கிழமை தெரியுமா? நேற்று விருந்து வைத்த இடத்துக்கு இன்று சாப்பிட வருகிறது. பழம் இல்லையென்றால் பக்கத்திலேயே கடலை இருக்கிறது. வெள்ளிக்கிழமை வாக்கில் மறக்கத் தொடங்கும்போது அடுத்த சனிக்கிழமை வந்துவிடும்.

அங்கே பழம் வைக்கிறவர்களில் முதல் ஆள் அவளுடைய அம்மாதான்.

சாயங்காலம் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அமுதவல்லி நோட்டோடு போய் நின்றாள்.

"அம்மா, நாளைக்குக் கொரங்குக்குப் பழம் வெக்காத."

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். "சாமி விஷயத்துல வெளையாடாத பாப்பா. போன வருஷம் குருவுக்குக் காய்ச்சல் வந்து, தர்மபுரி ஆஸ்பத்திரில ஆறு நாளு கெடந்தான். அப்ப வேண்டிக்கிட்டது. நாலு சனிக்கெழம. ரெண்டு முடிஞ்சுது, இன்னும் ரெண்டு இருக்குது."

அந்த ஆறு நாட்கள் அமுதவல்லிக்கும் நினைவில் இருந்தன. அவள் கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டாள். "என்னா சொல்லி வேண்டிக்கிட்டம்மா? அப்படியே சொல்லு."

"எதுக்கு?"

"சொல்லேன்."

அம்மா கண்ணை மூடினார். "ஆஞ்சநேயா, எம்புள்ள பொழச்சு வந்தா, புரட்டாசி நாலு சனிக்கெழமயும் உம்முன்னால ஒரு சீப்புப் பழம் வெக்கறேன்."

"வெக்கறேன்னுதான சொன்ன?"

"ஆமா."

"வெச்சுட்டு அங்கியே வுட்டுட்டு வர்றேன்னு சொல்லலியே?"

அம்மா வேண்டுதலை மறுபடி முணுமுணுத்துப் பார்த்தார். மாடு வாளியைத் தட்டிவிட்டது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அமுதவல்லி நோட்டைக் காட்டினாள். பதினான்கு, பன்னிரண்டு, ஒன்பது, ஆறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூன்றாவது படியையும் சொன்னாள். இருபத்துமூன்றையும் சொன்னாள்.

"பழத்த வெப்போம். கும்புடுவோம். அப்புறம் பிரசாதமா எடுத்துக்குவோம். அவ்ளோதாம்மா."

அம்மா கவிழ்ந்த வாளியை நிமிர்த்தி வைத்தார். "ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்றார். பிறகு, "பேசிட்டுப் போறாங்க. கூடைய எடுத்து வை" என்றார்.

சனிக்கிழமை காலை பாறையில் நல்ல கூட்டம். குரங்குகள் மேலே வரிசையாக உட்கார்ந்து பந்திக்குக் காத்திருந்தன. அம்மா ஒரு சீப்புப் பழத்தை ஆஞ்சநேயர் முன்னால் வைத்தார். கற்பூரம் காட்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கற்பூரம் அணைந்ததும் பழத்தை எடுத்துக் கூடையில் வைத்தார்.

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னாடி இது அநியாயம்?" என்றார் குள்ளம்மாள் அத்தை. கையில் இரண்டு சீப்பு வைத்திருந்தார். "கொரங்குக்கு வெச்சத எடுத்தா சாபம் வுட்டுடாதா?"

அம்மா தடுமாறினார். அமுதவல்லி முன்னால் வந்தாள்.

"அத்த, சனிக்கெழம நாம பழம் வெக்கறோம். அடுத்த வாரம் நாமளே கூண்டு வெக்கப் போறோம். ரெண்டுத்தையும் அது எப்படி அத்த புரிஞ்சுக்கும்?"

குள்ளம்மாள் அத்தை சீப்பைக் கை மாற்றிப் பிடித்தார். கூண்டு மனுவில் அவருடைய கைநாட்டும் இருந்தது.

"அப்படியே இருந்தாலும் கொரங்குக்குன்னு நெனச்சுக் கொண்டாந்த பழம்" என்று இழுத்தார்.

அப்போதுதான் குரு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கையை நீட்டினான்.

"எங்க வூட்டுல நான்தான் கொரங்கு. எனக்குக் குடுங்க."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். யாருக்காக வேண்டிக்கொண்டாரோ அவனுடைய கையிலேயே முதல் பழத்தைக் கொடுத்தார். அவன் தோலை உரித்து இரண்டே கடியில் முடித்தான். குள்ளம்மாள் அத்தை பெருமூச்சு விட்டு, தன் சீப்பையும் சாமி முன்னால் வைத்து எடுத்துக் கூடையில் போட்டார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் பழத்துக்கு வரிசையில் நின்றார்கள். பாறையில் ஒரு தோல்கூட மிஞ்சவில்லை.

இத்தோடு எல்லாம் நலமாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் குரங்குகளுக்குக் கோபம் வந்துவிட்டது. பந்திக்கு வந்து பசியோடு எழுந்தால் யாருக்குத்தான் வராது? அன்று மத்தியானம் மொத்தக் கூட்டமும் கடலைக்காட்டில் இறங்கியது. அமுதவல்லி பதினேழு தடவை ஓடினாள். கடைசித் தடவை ஓடி வந்து வரப்பில் அப்படியே படுத்துவிட்டாள்.

"நான் நெனச்சது தப்பாம்மா?"

"தெரியல பாப்பா" என்றார் அம்மா. தலையைக் கோதிவிட்டார். "மனுவுல இன்னிக்குக் கையெழுத்து வேணாம்னு மாமாகிட்டச் சொல்லிட்டேன். நாளைக்கும் பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. குரங்குகள் வந்து வெறும் பாறையைப் பார்த்தன. சுற்றிச் சுற்றித் தேடின. கொட்டாவிக் குரங்கு ஆஞ்சநேயரையே கொஞ்ச நேரம் முறைத்தது. பிறகு ஒவ்வொன்றாக மலைப்பக்கம் ஏறின. அங்கே அத்திமரம் காய்த்திருந்தது. அன்று சாயங்காலம் நோட்டில் நான்கே கோடுகள். போன ஞாயிறு பதினான்கு.

மாது மாமா வந்து நோட்டை வாங்கிப் பார்த்தார். விரலை வைத்து எண்ணினார்.

"நாலு தடவதானா? பதினாலுன்னா என் முட்டி செத்துரும். நாலுன்னா தாங்கும். ரெண்டு காட்டையும் நானே பாத்துக்கறேன் நிர்மலா. புள்ள ஸ்கூலுக்குப் போவட்டும்."

அம்மா அமுதவல்லியைப் பார்த்தார். "யூனிஃபார்ம தொவச்சுப் போடு, போ."

மாமா சட்டைப்பையிலிருந்து மனுவை எடுத்தார். "அடுத்த சனிக்கெழம நானும் பழத்த வெச்சு எடுத்துக்கறேன். இந்தத் தாளு பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்குது. உன் சார்ட்டுக்கு ஆவுமா பாரு."

ஆயிற்று. மனுவின் பின்பக்கத்தில் கோடுகளின் கணக்கை எழுதி, சார்ட்டின் நடுவில் ஒட்டினாள்.

திங்கட்கிழமை மூன்றாவது பீரியட். ராஜமேரி டீச்சர் படிக்கட்டுப் படத்தைக் காட்டிக் கேட்டார். "தேவாங்கைவிடக் குரங்கு மேல் படியில இருக்குதா? நம்ம ஊர்ல எங்க பார்த்தாலும் குரங்காத்தானே தெரியுது?"

"எங்க மலையில இருவத்திமூணுதான் டீச்சர்."

"எண்ணிப் பாத்தியா?"

"எண்ணியும் பாத்தேன், ஓடியும் பாத்தேன் டீச்சர்."

டீச்சர் சார்ட்டை முழுக்கப் படித்தார். வகுப்பு கைதட்டியது. அமுதவல்லி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக வெயில் மேசைமேல் விழுந்தது. ஓட வேண்டியதில்லை, டப்பா தட்ட வேண்டியதில்லை என்று நினைத்தபடி மேசையில் தலையைச் சாய்த்தாள். அப்படியே தூங்கிப்போனாள்.

பக்கத்துப் பெண் அவளை உலுக்கப் போனாள். டீச்சர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். தேவாங்கு பகலில் தூங்கும் என்று சார்ட்டிலேயே எழுதியிருந்தது.